இதற்கு மேல் திரும்ப முடியாது, தொடரவா?

கண்ணு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். கனடாவில் பனி இன்னும் விடவில்லையாம், அதையும் சொன்னார். போன் என்று ஒன்று இருக்கும்போது அம்மா எதற்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் எதையாவது கேட்கத் தொடங்கினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. காலமெல்லாம் சூலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பாதி வகுப்பில் எழுந்து ஓடுகிறவனை உட்கார வைக்க எனக்குத் தெரியும். உன் மாதிரி இன்னும் பல பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், நீ யாருக்காவது காட்டினால் அவர்களும் படிக்கட்டும் என்றுதான் யார் பெயரையும் இதில் போடவில்லை. ஆனால் எழுதுவது உனக்குத்தான். உட்கார்ந்து முழுதாகப் படி.

இந்த முறை வந்தபோது நீ ஒரு நாளாவது சும்மா இருந்தாயா? வந்த மறுநாளே இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி. அப்புறம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். கேட்டில் ஒரு கேமரா. அதைப் பார்த்துப் பால்காரர் தினமும் தலை சீவிக்கொண்டு வருகிறார். பிரஷர் பார்க்கும் கருவி வாங்கினாய், எனக்கும் அப்பாவுக்கும் மாதக்கணக்கில் மாத்திரை வாங்கி டப்பா டப்பாவாகப் பெயர் ஒட்டி வைத்தாய். கரண்ட் பில் தானாகப் போகும்படி செய்தாய். கூப்பிட்டால் வருகிற டிரைவரின் நம்பரை என் போனில் முதலில் வருகிற மாதிரி வைத்தாய். எல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு குளியலறைச் சுவரில் துளை போட்டு அந்தக் கைப்பிடியை மாட்டினாயே, அன்றைக்குத்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டிரில்லிங் மெஷின் சத்தம் முழுக்க நான் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிட்டது. மேசை நிறையக் குண்டு இருந்த அறை. உனக்கும் ஞாபகம் இருக்கும்.

நீ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடை அது. உன் பெரியப்பா மகன் தன் வீடியோ கேம் பெட்டியை உன்னிடம் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனான். உலகம் அழிந்துபோன பிறகு நடக்கிற கதை. நகரம் முழுக்கச் சாம்பல். மேலே முகமூடி இல்லாமல் மூச்சு விட முடியாது, மிச்சமிருக்கிற மக்கள் சுரங்கப்பாதைகளில் குடியிருக்கிறார்கள். நம் ஆளிடம் ஒரு துப்பாக்கி, ஒரு லாந்தர். இருட்டில் வருகிற பிசாசுகளைச் சுடக் குண்டு எப்போதும் பற்றாக்குறை. முதல் நாள் நான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உலகமே அழிஞ்ச பொறவு இவனுக்கு ஏன் கண்ணு தெனமும் ஷேவிங் பண்ணுன மொகம்?" என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்க்காமலே, "சும்மா இருங்கம்மா, பின்னாடி ஒருத்தன் வாரான்" என்றாய். நானும் பதறிப்போய் நம் வீட்டு வாசலைப் பார்த்தேன்.

நான் அதில் சிக்கிக்கொண்டது வரைபடத்தால்தான். உனக்கு வடக்கு தெற்கு தெரியாது. புவியியல் டீச்சர் மகன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். சுற்றிச் சுற்றி ஒரே சுரங்கத்துக்குள் வந்து நின்றாய். வெண்டைக்காயை அரிந்துகொண்டே, "மேக்க திரும்பு, அந்தத் தண்ணிக் கொழாய் போற பக்கமாப் போ" என்றேன். கதவு வந்துவிட்டது. அன்றிலிருந்து நீ சுடுவது, நான் வழி சொல்வது என்று வேலை பிரிந்தது. அப்பா பட்டறையிலிருந்து சாப்பிட வந்தால் நாம் இரண்டு பேரும் டிவி முன்னால் இருப்போம். பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைகிற அவருக்கு அந்த விளையாட்டில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், துப்பாக்கியைப் பிரித்து மாட்டுகிற இடம். "அந்த ஸ்பிரிங்கை மாத்தி மாட்டறான் பாரு, எவன் கத்துக்குடுத்தது" என்று சோற்றுக் கையோடு திட்டுவார்.

அது மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம். அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் நிறுத்திவைக்க முடியாது. லாந்தர் எரிகிற அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். அந்த அறைக்குள் எந்தப் பிசாசும் வராது. மெதுவாக ஒரு பாட்டுக் கேட்கும். நமக்குக் கரண்ட் போகிற நேரம் நெருங்கினால் போதும், "கண்ணு, கரண்ட் போவப்போவுது, வெளக்கு ரூமுக்கு ஓடு" என்று கத்துவேன். நீ குண்டை வாரி இறைத்துக்கொண்டு ஓடுவாய். சில நாள் கதவைத் தொடும்போதே டிவி அணைந்துவிடும். அரை நாள் உழைப்பு போய்விடும். பிசாசுகளை நீ அவ்வளவு திட்டியதில்லை, மின்வாரியத்தைத் திட்டினாய். இன்றைக்கும் எங்காவது லாந்தரைப் பார்த்தால் எனக்கு 'அப்பாடா' என்றிருக்கிறது. அந்த நாட்களை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, ஏக்கமாகவும் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது?

போகப்போக அந்த விளையாட்டைச் செய்தவர்களின் புத்தி எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஏற முடிகிற ஏணியில் மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடித்திருப்பார்கள். "எல்லாரும் செத்தும் பெயிண்டர் மட்டும் எப்படியோ தப்பிச்சுட்டான்" என்று நான் சொன்னதற்கு நீ ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். கன்ட்ரோலர் என்று திருத்தாதே, எனக்கு அது ரிமோட்தான். இரண்டாம் பாகம் வாங்கி வந்தாயே, அதன் தொடக்கத்தில் ஒரு வெள்ளம் வந்து, முதல் பாகத்தில் நாம் சேர்த்திருந்த துப்பாக்கி, முகமூடி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "எல்லாப் பாகமும் இப்படித்தாம்மா ஆரம்பிக்கும், வெறுங்கையாத்தான் விடுவாங்க. இல்லாட்டி ஆட்டம் என்னத்துக்கு?" என்று நீதான் என்னைத் தேற்றினாய். இன்னொரு ரகசியமும் சொன்னாய். கையில் குண்டு நிறைய இருப்பவனுக்குப் பெட்டியைத் திறந்தால் வெறும் குப்பை கிடைக்கும், ஒன்றுமே இல்லாமல் தடுமாறுகிறவன் திறந்தால் அதே பெட்டியில் குண்டும் மருந்தும் இருக்கும், விளையாட்டே கணக்குப் பார்த்து வைக்கும் என்று. அதைக் கேட்டதும் செய்தவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி போய்விட்டது.

அந்த மேசை அறை மூன்றாம் பாகத்தில் வந்தது. அதுவரை ஒரு குண்டுக்கு நாம் நாய் படாத பாடு பட்டிருந்தோம். திடீரென்று ஒரு பெரிய அறை. மேசை நிறையக் குண்டு, அலமாரி நிறைய மருந்து, முகமூடிக்கு மாற்ற வடிகட்டி வேறு. மூலையில் லாந்தர். உனக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா, லாட்டரிங்கம்மா!" என்று வாரினாய். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. உன் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தட்டு தட்டாகப் பழமும் பூவும் கொண்டுவந்து இறக்கியபோது உறுத்திய அதே உறுத்தல். "இவ்வளவு சாமானஞ் சும்மா வெக்க மாட்டாங்க கண்ணு. அந்தக் கதவுக்குப் பின்னால என்னமோ பெருசா நிக்குது" என்றேன். நீ நம்பவில்லை. கதவைத் திறந்தாய். மூன்று மாடி உயரத்துக்கு ஒன்று எழுந்து நின்றது. அன்றைக்கு மட்டும் அது நம்மை எத்தனை முறை மிதித்தது! அதற்குப் பிறகு எந்த அறையில் சாமான் அதிகமாக இருந்தாலும் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

இப்போது புரிகிறதா, டிரில்லிங் மெஷின் சத்தத்துக்கு நான் ஏன் சமையலறையில் நின்றேன் என்று? பேட்டரி, கேமரா, மாத்திரை, டிரைவர், கடைசியில் கைப்பிடி. இவ்வளவையும் நீ எங்களுக்குச் சும்மா வைக்கவில்லை கண்ணு. அதன் பிறகு உன் பெண்டாட்டி வீடியோ காலில் வந்தாள். பாவம், சூது வாது தெரியாத பெண். "கிச்சனுக்கு டைல்ஸ் பாத்துட்டு இருக்கோங்க அத்தை, உங்களுக்கு எந்தக் கலர் புடிக்கும்?" என்றாள். வாடகை வீட்டுக்கு எவனாவது டைல்ஸ் பார்ப்பானா? அங்கே வீடு வாங்கிவிட்டீர்கள். அங்கேயேதான் இருக்கப்போகிறீர்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் இங்கே வந்துவிடுவேன் என்று நீ ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னது இனி நடக்காது. விமான நிலையத்தில் வண்டியை விட்டு இறங்கி, "அம்மா, ஒண்ணு சொல்லோணும்" என்று என் கையைப் பிடித்தாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தச் செவப்பு மாத்தரைய சாப்பாட்டுக்குப் பொறவு போடுங்க" என்றாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நீ எப்போதும் அப்படித்தான். மூன்றாம் பாகத்தின் கடைசிக் கதவு நினைவிருக்கிறதா? கை வைத்தால் திரையில் ஒரு கேள்வி வரும். இதற்கு மேல் சென்றால் திரும்ப முடியாது, தொடரவா என்று கேட்கும். கீழே ஆம், இல்லை. அவ்வளவு கொடுமையான விளையாட்டு அந்த ஓர் இடத்தில் மட்டும் மரியாதையாகக் கேட்கும். நீ ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று அழுத்தினாய். "இன்னுங் கொஞ்சம் சேத்திக்கலாங்கம்மா" என்று பழைய சுரங்கங்களுக்கெல்லாம் திரும்பப் போய் மூலை முடுக்கு விடாமல் பொறுக்கினாய். நல்ல மருந்தைக் கடைசிக்கு வேண்டும் என்று தொடவே மாட்டாய், கால் ஒடிந்தாலும் கந்தல் துணியைக் கட்டிக்கொண்டு நடப்பாய். கல்லூரி திறந்தது. அந்த லீவு, இந்த லீவு என்றாய். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, விமானம் ஏறினாய். நம் ஆள் அந்தக் கதவு முன்னால் பை நிறையச் சாமானோடு நின்றுகொண்டே இருந்தான்.

உன்னை மட்டும் சொல்லி என்ன செய்ய? இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று மாடியைப் பார்த்தாலே தெரியும். நீ திரும்பி வந்தால் இருக்க வேண்டும் என்று அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய மாடி. மேற்கே பார்த்த ஜன்னல், ஆடி மாதம் கணவாய்க் காற்று நேராக உள்ளே வரும். பட்டறைக்காரர் கட்டியது, ஒரு கதவு கிறீச்சிடாது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, கீழே ஃபேன் காற்றில் நாங்கள் இரண்டு பேரும் வெந்துகொண்டிருந்தோம். வாடகைக்கு விடவில்லை, சொந்தக்காரர் வந்தால்கூடப் படுக்க விடவில்லை. "அது பையனுக்குங்க" என்று ஒரே வார்த்தை. வாரம் தவறாமல் அப்பா மேலே போய்க் குழாய்களைத் திறந்துவிட்டு, கீல்களுக்கு எண்ணெய் விட்டு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு வருவார். யாருமே குடியிருக்காத வீட்டை இவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்க நம் ஆட்களால்தான் முடியும். நீ சொல்லாமல் போனதும் அந்த மாடிக்குப் பயந்துதானே? அப்பா மனசு உடைந்துபோகும் என்றுதானே?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாடிக்குப் போனேன். உன் சாமான்கள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. பரணிலிருந்து கேம் பெட்டியை இறக்கினேன். சத்தம் கேட்டு அப்பா மேலே வந்தார். "ஏனம்மணி, முட்டிய வெச்சுக்கிட்டு என்ன வேல இது?" என்று கடிந்துகொண்டே ஒயர்களை எடுத்து அவரே பழைய டிவியில் மாட்டினார். பெட்டி உயிரோடு இருந்தது. நம் ஆள் அதே கதவு முன்னால் நின்றான். நான் பொத்தானை அழுத்தினேன். அதே கேள்வி.

"என்ன கேக்குது?" என்றார் அப்பா.

"இதுக்கு மேல போனாத் திரும்பி வர முடியாது, போலாமான்னு கேக்குதுங்க."

"பையன் என்ன சொல்லுவான்?"

"வேண்டாம்பான். இன்னுங் கொஞ்சம் பொறுக்கிப்போட்டு வாரேன்னு போயிருவான்."

அப்பா எழுந்து போய் மேற்கு ஜன்னலைத் திறந்தார். அங்கே நின்றபடியே, "குளிக்கற ரூமுல கைப்பிடி மாட்டுனப்பவே எனக்குத் தெரியுமுங்க அம்மணி" என்றார். "இங்க இருக்கறதா இருந்தா அவன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பான். கம்பிய எதுக்கு மாட்டறான்?" அவருக்குத் தெரியக் கூடாது என்று நீ மறைத்தாய், நான் மறைத்தேன். அவர் நம் இரண்டு பேரிடமும் மறைத்துக்கொண்டு கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். "எத்தன வருசமாச் சேத்திப்போட்டான். போதும், அமுக்கு" என்றார்.

அமுக்கினேன் கண்ணு.

நான் ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும். வழி சொல்லத்தான் எனக்குத் தெரியும், சுட எங்கே தெரியும்? பாதிக் குண்டு சுவரில் போனது. கூரையைச் சுட்டேன், என் காலையே சுட்டுக்கொண்டேன். அப்பா, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று என் தோளைப் பிடித்து ஆட்டியதில் இன்னும் கொஞ்சம் வீணாய்ப்போனது. ஆனால் குண்டு தீரவே இல்லை. நீ தொடாமல் வைத்திருந்த நல்ல மருந்தையெல்லாம் சிராய்ப்புக்குக்கூட எடுத்துப் போட்டேன். அதுவும் தீரவில்லை. ஒரு வாரமாக மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இதே வேலை. நேற்று அந்தக் கடைசிக் கதவுக்குப் பின்னால் நின்ற பெரிய பிசாசு விழுந்தது. நம் ஆள் படியேறி மேலே வந்தான். வெளியே சாம்பல் அடங்கியிருந்தது. முகமூடியைக் கழற்றினான். அப்பா என்னைவிடச் சத்தமாக மூச்சு விட்டார். அவ்வளவு வீணடித்த பிறகும் பையில் பாதி மிச்சம் இருந்தது. நீ சேர்த்து வைத்தது எங்களுக்குத் தாராளமாகப் போதும் கண்ணு. போதாதோ என்று நீ அங்கே உட்கார்ந்து பயப்படாதே.

உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். புது வீட்டில் எதையும் பின்னால் வேண்டும் என்று பூட்டி வைக்காதே. நல்ல தட்டை எடுத்து முதல் நாளே சாப்பிடுங்கள், உடைந்தால் உடையட்டும். புது இடத்தில் வெறுங்கையாக நிற்கிற மாதிரி சில நாள் இருக்கும், எல்லாப் பாகமும் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குச் சொன்னவன் நீதான். டைல்ஸ் மங்கலான பச்சையில் போடச் சொல், அழுக்குத் தெரியாது. நீ தூரத்தில் இருப்பது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில சாயங்காலங்களில் நன்றாகவே அழுகிறேன். அதற்காக நீ கதவு முன்னாலேயே நிற்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி. அப்பாவுக்குத் தெரியும் என்று நான் எழுதிவிட்டேன் என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிடாதே. அவர் உன் வாயால் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார். இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி "அப்படீங்களா?" என்பார். நடிப்பு சுத்தமாக வராது, பொறுத்துக்கொள். நடுவில் மாத்திரை, பனி என்று வேறு பேச்சுக்குப் போகாதே.

போனை அவர் பழக்கதோஷத்தில் கீழே கூடத்திலேயே வைத்துவிடுகிறார். நாங்கள் இப்போது மாடியில்தான் இருக்கிறோம். நேற்றுச் சாயங்காலம் தலையணையைத் தூக்கிக்கொண்டு அவர்தான் முதலில் ஏறினார். நீ மாட்டிய கைப்பிடியைக் கழற்றி மேலே குளியலறையில் மாட்டிவிட்டார், படிக்கட்டுக்குப் பட்டறையில் ஒரு கம்பி தயாராகிறது. காற்று நன்றாக வருகிறது. படி இறங்கி வந்து எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். வைத்துவிடாதே கண்ணு, மணி அடிக்கட்டும்.

அம்மா